கோபுரத்தை நிமிர்த்தத் தெரியுமா? ஒரு வேலைத் தேர்வின் 170 வருட வரலாறு



வாலாஜாபேட்டையில் இருக்கிற என் காலேஜ் நண்பன் போன மாதம் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கேட்லாக் படங்களுக்காக ரெண்டு போட்டோ எடிட்டர்களை எடுக்க வேண்டுமாம். "மச்சான், பர்ஸ்பெக்டிவ் கரெக்‌ஷன் தெரியுமான்னு கேட்டா வர்ற எல்லாரும் தெரியும்னுதான் சொல்றாங்க. உண்மையிலேயே தெரியுமான்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனா அந்த ரெண்டு வேலைக்கு வரப்போறவங்க ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு பக்கத்துப் பசங்க. சாஃப்ட்வேர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவனுக்கு வேலை கிடைத்து, உண்மையிலேயே கண் இருக்கிறவள் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிப் போவது தினமும் நடக்கிறது. என்ன கேட்டால் நியாயம் என்று யோசித்துக்கொண்டே பழைய விஷயங்களைப் புரட்டினேன். பார்த்தால், 1850-களில் சென்னை அரசாங்கமே கிட்டத்தட்ட இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் இது டெக் எபிசோடு இல்லை, வரலாற்று எபிசோடு.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு நிமிடம். ஏதாவது ஒரு கோபுரத்தின் கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்து ஒரு படம் எடுங்க. பக்கத்தில் இருக்கிற கம்பம், கதவு நிலை, தூண் எல்லாம் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து தெரியும். போனில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் போனைச் சாய்த்தபோது உள்ளே இருக்கும் சென்சாரும் சாய்ந்துவிட்டது. கட்டடம் செங்குத்தாக நிற்கிறது, அதைப் பதிகிற தளம் செங்குத்தாக இல்லை. தளத்தின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் கட்டடம் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் கோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன. இதை நேராக்குவதுதான் பர்ஸ்பெக்டிவ் கரெக்‌ஷன். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு முதல் வருட கிராபிக்ஸ் பேப்பரின் கடைசி யூனிட் ஞாபகம் வரும். "சாய்ஸில் விட்டுடலாம்டா" என்று சொல்லி நாம விட்ட அதே யூனிட்.

சரி, வாலாஜாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்ட நாள். ராயபுரத்தில் கிளம்பி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடி அது வந்து நின்ற இடம்தான் இன்றைய வாலாஜா ரோடு. பம்பாய்க்கு 1853-ல் ரயில் வந்தது, கல்கத்தாவுக்கு 1854-ல், அடுத்து நமக்கு. பாலாற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிற ஒரு நெசவு, வியாபார ஊரின் பக்கத்தில், மெட்ராஸிலிருந்து ரெண்டு இரும்புக் கோடுகள் வந்து முடிந்தன. டிராயிங் புத்தகம் எதைத் திறந்தாலும் பர்ஸ்பெக்டிவ் பாடத்துக்கு தண்டவாளப் படம்தானே இருக்கும்? கிட்டத்தில் அகலமாகத் தொடங்கி தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்கிற மாதிரி. அந்தப் படத்தை இந்தப் பக்கத்து ஜனங்கள் நேரில் பார்த்தது அந்த வருடத்தில்தான். தூரத்தில் சேர்வது போலத் தெரிந்தாலும் அங்கேயும் இடைவெளி மாறவில்லை, ரயில் தடம் புரளாமல் வந்து சேர்கிறதே! கண்ணுக்குத் தெரிவது ஒன்று, பொருள் இருப்பது வேறொன்று. இந்த எபிசோடு முழுக்க இதைப் பிடித்துக்கொள்ளுங்க.

அதே 1856-ல் மெட்ராஸில் ஒரு போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதே வருடத்தில்தான் சென்னை மாகாண அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒரு போட்டோகிராபரை வைத்துக்கொள்ள முடிவெடுத்தது. அப்போது கவர்னர் ஹாரிஸ் பிரபு. பின்னணியில் லண்டனிலிருந்து வந்த ஒரு யோசனையும் உண்டு. கோயில்களையும் சிற்பங்களையும் கையால் வரைந்து பதிவு செய்ய ஓவியர்களை வைத்தால் காலமும் பணமும் ஆகிறது, கேமரா துல்லியமானது, மலிவானது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் நினைத்தார்கள். ஆளை எடுத்துவிட்டு மெஷினை வை. இந்த வருட ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் கேட்ட மாதிரி இருக்குல்ல?

யாரை எடுப்பது? இங்கேதான் நம்ம கதைக்கு வேண்டிய ஆள் வருகிறார். லின்னேயஸ் டிரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர், கம்பெனியின் மெட்ராஸ் படையில் அதிகாரி. 1855-ல் மெட்ராஸில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்கு அவர் 68 புகைப்படங்களை அனுப்பினார், அதுவரை யாரும் படம் எடுக்காத கோயில்கள். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் சிறந்த வரிசை இதுதான் என்று சொல்லி நடுவர்கள் முதல் வகுப்புப் பதக்கம் கொடுத்தார்கள். அதே வருடம் பர்மாவுக்குப் போன ஒரு தூதுக்குழுவோடு அவரை அனுப்பினார்கள். அங்கிருந்து 200-க்கு மேற்பட்ட படங்களோடு வந்தார். அதற்குப் பிறகுதான் அரசாங்கப் போட்டோகிராபர் வேலை.

இன்றைய பாஷையில் சொன்னால், முதலில் போர்ட்ஃபோலியோ, அடுத்து ஒரு ப்ராஜெக்ட், கடைசியில் ஆஃபர் லெட்டர். கேள்வி பதில் இன்டர்வியூவில் ஆள் எடுக்கவில்லை, எடுத்த படங்களைப் பார்த்து எடுத்தார்கள். மோசமான முறை இல்லை. ஆனால் அன்றைய போர்ட்ஃபோலியோவுக்கும் இன்றையதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். பெரிய சைஸ், கிட்டத்தட்ட 12-க்கு 15 அங்குலம். அந்த நெகட்டிவை இன்னொரு காகிதத்தின் மேல் அப்படியே வைத்து வெயிலில் காட்டித்தான் பிரின்ட் எடுப்பார்கள். நெகட்டிவ் எந்த அளவோ பிரின்ட்டும் அதே அளவு. பெரிதாக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. சுருக்கமாகச் சொன்னால், அப்புறமா சரி பண்ணிக்கலாம் என்கிற வசதியே கிடையாது. படத்தில் தூண் நேராக நிற்கிறது என்றால், எடுக்கிற நேரத்திலேயே கேமராவின் தளம் தூணுக்கு இணையாக நின்றிருக்கிறது என்று அர்த்தம். எங்கே நிற்பது, எவ்வளவு பின்னால் போவது, எந்தத் திண்ணை மேல் ஏறுவது, எல்லாமே முன்கூட்டியே போட்ட கணக்கு. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, மறுவருடம் கோடையில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். மாட்டு வண்டிகளில் கேமராவும் ரசாயனமும் காகிதமும். நம்ம ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில் மெழுகுக் காகிதத்தைக் காப்பாற்றுவதே ஒரு வேலை.

அப்படி எடுத்த படங்களைப் பாருங்க, சுவரும் தூணும் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நிற்கும். கொத்தனார் கட்டும்போது பிடித்த அதே ஒழுங்கு படத்திலும் இருக்கும். ஆகவே அன்றைக்கு ஒருத்தர் கொண்டுவந்த படத்தில் கோடுகள் நேராக இருந்தால் அதுவே அவருடைய திறமைக்குச் சாட்சி. இன்றைக்கு அது வெறும் ஒரு பட்டனுக்குச் சாட்சியாக இருக்கலாம்.

அதே டிரைப் எடிட்டிங்கும் செய்திருக்கிறார். அந்தக் கால நெகட்டிவில் வானம் சரியாகப் பதியாது, வெறும் வெள்ளையாக வரும். அவர் நெகட்டிவின் மேலேயே சாயம் தடவி மேகம் போட்டார், மரங்களின் இலைகளையும் தொட்டுச் சரிசெய்தார். போலி மேகம்! இன்றைக்கு ஒரே க்ளிக்கில் வானத்தை மாற்றுகிறோமே, அதற்கு 1850-களிலேயே முன்னோடி இருந்திருக்கிறார். மேகத்தில் கை வைத்த இந்த மனுஷன் கோயிலின் கோட்டில் கை வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்குள் ஒரு எல்லை இருந்திருக்கிறது. போட்டோ எடிட்டரை எடுக்கும்போது நான் தேடுகிற முதல் குணம் அதுவாகத்தான் இருக்கும். ஷூவின் பின்னணியை மாற்று, தூசியைத் துடை, பரவாயில்லை. மூக்கை ஒல்லியாக்கினால் அது வேறு ஷூ.

இப்போ தஞ்சாவூர். 1858-ல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை டிரைப் படம் எடுத்தார். சும்மா ஒன்றிரண்டு படம் இல்லை. 21 படங்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே சுருள். போனில் பனோரமா எடுப்பது போல ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பி எடுத்தால் இது வராது. அப்படி எடுத்தால் நடுவில் எழுத்து பெரிதாகவும் ஓரத்தில் சின்னதாகவும், வரிகள் வில்லாக வளைந்தும் வரும். ஒட்டவே ஒட்டாது. கேமராவையே சுவரோடு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே உயரம், சுவருக்கு அதே இணை. ஒரு சாண் முன்னே போனால் எழுத்து பெருத்துவிடும். கொஞ்சம் திரும்பினால் ஒரு பக்கத்து வரிகள் குறுகிவிடும். 21 தடவை.

இதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். அந்த அடித்தளத்தில் இருப்பது ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்தவற்றின் கணக்கு. நகைகளின் எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும் வெட்டியிருக்கிறது. கணக்கு வழக்கில் ஒரு எழுத்து நசுங்கினால் எண் மாறிவிடும். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அச்சேற்றத் தொடங்கியது 1890-களில். டிரைப் சுருளாக ஒட்டியபோது அவை அச்சில் வராதவை. படிக்கத் தெரியாத ஒரு எழுத்தை, படிக்கத் தெரிந்தவர் யாரோ ஒருவருக்காக நேராகப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

பிற்காலத்தில் கல்வெட்டுத் துறையினர் புகைப்படத்தை மட்டும் நம்பவில்லை என்பதையும் சொல்லணும். ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படிதான் அவர்களின் முக்கியக் கருவி. காகிதம் கல்லைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் பர்ஸ்பெக்டிவ் பிரச்சினையே அங்கே கிடையாது. லென்ஸும் இல்லை, தூரமும் இல்லை. இந்த மாதிரி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரச்சினையைத் தீர்ப்பதற்குப் பதில், அது வராத ஒரு வழியைத் தேடிக்கொண்டார்கள்.

இன்றைய கணக்கைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன். ஒரு தட்டையான பரப்பைக் கோணலாக எடுத்த படத்தை நேராக்க நாலு புள்ளிகள் போதும். மூணுக்கு மூணு மேட்ரிக்ஸ், ஒன்பது எண். மொத்தமாகப் பெருக்கினாலும் வகுத்தாலும் படம் மாறாது, அதனால் தெரியாத எண் எட்டு. ஒரு புள்ளி ரெண்டு சமன்பாடு கொடுக்கும், நாலு புள்ளியில் எட்டும் கிடைத்துவிடும். எல்லா சாஃப்ட்வேரின் உள்ளேயும் ஓடுவது இதுதான். ஆனால் ரெண்டு நிபந்தனை. பரப்பு தட்டையாக இருக்கணும். அந்த நாலு புள்ளி நிஜத்தில் எந்த வடிவத்தின் மூலைகள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கணும். மெஷினுக்கு முதலாவதும் தெரியாது, ரெண்டாவதும் தெரியாது. அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

1858 என்றதும் இன்னொரு சம்பவம். அதே வருடம் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்கிற இளம் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தார். உயரத்தில் தொங்கிக்கொண்டு அளக்கும்போது கீழே விழப் பார்த்து மயிரிழையில் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படம் எடுத்து, படத்திலிருந்தே அளந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். போட்டோகிராமெட்ரி என்கிற பெயரே அவர் மூலமாக வந்தது, 1885-ல் பிரஷ்ய அரசு அதற்கென ஒரு நிறுவனத்தையே அவருக்காக அமைத்தது. ஒருத்தர் தஞ்சாவூர்ச் சுவரோரம் கேமராவை நகர்த்துகிறார், இன்னொருத்தர் வெட்ஸ்லாரில் உயிர் தப்புகிறார். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, இரண்டு பேர் கையிலும் ஒரே கணக்கு.

பிரஷ்யாவில் அது நிறுவனமாக வளர்ந்தது. நம்ம பக்கம் என்ன ஆச்சு? ஹாரிஸுக்குப் பிறகு 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இதெல்லாம் அரசாங்கத்தின் பண நிலைமைக்கு ஒத்துவராத ஆடம்பரம் என்று சொல்லிப் போட்டோ வேலையை நிறுத்தச் சொன்னார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி என்பது உண்மைதான். ஆனாலும் பட்ஜெட் வெட்டு என்று வந்தால் முதலில் எது போகும் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் மாறவே இல்லை.

டிரைப்பின் பெயர் லண்டன், வாஷிங்டன் மியூசியங்களில் கண்காட்சித் தலைப்பாக நின்றிருக்கிறது. அவரோடு வேலை பார்த்த ஒரு தமிழரின் பெயரும் ஆவணங்களில் இருக்கிறது. சி. ஐயாசாமி. டிரைப்பின் முக்கிய உதவியாளர். மெட்ராஸ் தொழில் கலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. ராணுவ மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கியது. இன்றைக்கு பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். ஐயாசாமி அந்தப் பள்ளியோடு தொடர்புடையவர். ரசாயனம் கலந்து, காகிதம் தயார் செய்து, பிரின்ட் போட்ட கைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. போட்டோ எடிட்டர் என்று நாம் இன்று சொல்லும் வேலைக்கு நம்ம ஊரில் மூதாதை தேடினால், கேப்டனைவிட ஐயாசாமிதான் பொருத்தம் என்பது என் கருத்து.

அந்தக் கலைப் பள்ளி மரபிலிருந்துதான் நண்பனின் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைத்தது. உங்கள் ஸ்கூலில் டிராயிங் சார் இருந்திருப்பார். அவர் அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுதியிருப்பார். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், லோயர் கிரேடு, ஹையர் கிரேடு. ஆங்கிலேயர் காலத்துத் தேர்வு முறை, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் மாடல் டிராயிங் என்பது சுத்தமான பர்ஸ்பெக்டிவ் பரீட்சை. மேஜை மேல் கனசதுரம், உருளை, கூம்பு, கூடவே ஒரு பாத்திரம் மாதிரி எதையாவது வைப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்து வரையணும்.

இந்தப் பரீட்சையின் அழகு என்னன்னா, ஹாலில் எந்த ரெண்டு பேருக்கும் ஒரே விடை கிடையாது. நடுவில் உட்கார்ந்தவருக்குக் கனசதுரத்தின் முன்பக்கம், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ரெண்டு பக்கம். பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பி அடித்தால் மாட்டிக்கொள்வான், ஏன்னா அது அவன் நாற்காலியிலிருந்து தெரியவே தெரியாத படம். உருளையின் வாய் எவ்வளவு தட்டையான நீள்வட்டம், அடிப்பக்கத்து வளைவு மேலே இருப்பதைவிட எவ்வளவு திறந்திருக்கு, இவற்றைப் பார்த்தாலே இவன் பொருளைப் பார்த்து வரைந்தானா, மனப்பாடமாக வரைந்தானா என்று தெரிந்துவிடும். கருவி வெறும் பென்சில். கருவி தெரியுமா என்று கேட்கவில்லை, கண் இருக்கா என்று கேட்டார்கள்.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்லார்ஜர் வந்ததும் சரிசெய்யும் வேலை டார்க் ரூமுக்கு மாறியது. காகிதம் வைக்கிற பலகையை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்தால் சாய்ந்த கட்டடம் நிமிரும். பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்க, அட்டைப்பெட்டித் துண்டை முட்டுக் கொடுத்துச் செய்வதைச் சொல்வார்கள். 1962-ல் நிக்கான் லென்ஸையே நகர்த்தக்கூடிய பர்ஸ்பெக்டிவ் கன்ட்ரோல் லென்ஸைக் கொண்டுவந்தது. 1990-ல் போட்டோஷாப். 2013-ல் லைட்ரூம் 5-ல் அப்ரைட் என்று ஒரு வசதி. பட்டனைத் தட்டினால் மெஷினே கோடுகளைக் கண்டுபிடித்து நிமிர்த்தும். அந்த நாளோடு, "இந்தப் படத்தை நேராக்கிக் காட்டு" என்கிற டெஸ்ட் செத்துப்போச்சு. ஆனா இன்னும் பல கம்பெனிகளில் அதையேதான் வைக்கிறார்கள்.

நான் நண்பனுக்கு மூன்று படம் கொடுக்கச் சொன்னேன்.

முதல் படம், சதுர டைல்ஸ் போட்ட தரையில் விரித்த ஒரு தோல். கோணலாக எடுத்தது. நேராக்குவது சுலபம், ஆனால் நேராக்கியதும் அகலமும் நீளமும் சரியான விகிதத்தில் இருக்கா? பெரும்பாலானவர்கள் ஓரங்களை இணையாக்கிவிட்டு நிறுத்திவிடுவார்கள். சதுர டைல் செவ்வகமாக நீண்டிருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். டைல் சதுரமாக வந்தால்தான் தோலின் உருவம் நிஜம். உங்க ஊரில் தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறீர்கள், ஒரு பக்கம் இழுத்த படம் வாங்குகிறவனிடம் என்ன சொல்லும்? தஞ்சாவூர்ச் சுருளில் இருந்த அதே பிரச்சினைதான் இது. தட்டையான பரப்பு, உண்மையான விகிதம்.

ரெண்டாவது படம், வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம், கீழே நின்று அண்ணாந்து எடுத்தது. இது பொறி. ஏழு நிலைக் கோபுரம் நிஜமாகவே மேலே போகப் போகக் குறுகும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அவசரக்காரன் கோபுரத்தின் ரெண்டு ஓரத்தையும் பிடித்து நேராக நிமிர்த்துவான். கோபுரம் அபார்ட்மென்ட் மாதிரி ஆகிவிடும். நிதானமானவள் முதலில் கீழே இருக்கிற கல் பகுதியைப் பார்ப்பாள். சுவரில் ஒட்டிய அரைத்தூண்கள், வாசல் நிலைக்கால், இவைதான் செங்குத்து. அவற்றை நேராக்கிவிட்டு, மேலே செங்கல் சுதைப் பகுதி எவ்வளவு குறுகுகிறதோ அப்படியே விட்டுவிடுவாள். தஞ்சை விமானத்துக்கும் இதே கதைதான். கீழ்ச் சுவர் நேர், அதற்கு மேல் கூம்பு. "எதை நேர்னு எடுத்துக்கிட்டீங்க, ஏன்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். அந்தப் பதில்தான் டெஸ்ட். பட்டன் தட்டியவருக்கு ஏன் என்பதற்குப் பதில் இருக்காது.

இதில் ஒரு விஷயத்தில் எனக்கு உறுதி. நேராக்கினதுக்கப்புறம் கோபுரத்தின் மேல் பாதி லேசாகப் பெருத்து, தலைகனத்த மாதிரி தெரியும். கணக்குப்படி சரி, கண்ணுக்கு உறுத்தும். அனுபவம் உள்ளவர்கள் முழுசாக நிமிர்த்தாமல் துளி சாய்வை விட்டு வைப்பார்கள். தேர்வுக்கு வந்தவர் அப்படிச் செய்தால் மார்க்கைக் குறைக்காதீங்க, கூட்டிப் போடுங்க. வேண்டுமென்றே விட்டாரா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மூன்றாவது ஷூ. ஷூவின் மூக்குக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் போனை வைத்து எடுத்த படம். ஷூவின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், குதிகால் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது மூக்குப் பகுதி குதிகாலைப் போல ரெண்டு மடங்கு பெரிதாகப் பதியும். பூசணிக்காய் மாதிரி ஒரு மூக்கு. இதை நாலு புள்ளி வைத்துச் சரிசெய்ய முடியாது, ஷூ தட்டையான பரப்பு இல்லை. இழுத்து நசுக்கி ஏதோ ஒரு உருவத்துக்குக் கொண்டுவரலாம், அது கற்பனை ஷூவாக இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் நின்ற கேமராவின் கண்ணில் பக்கவாட்டுத் தையலின் ஒரு பகுதி படவே இல்லை. படாததை எங்கிருந்து கொண்டுவருவது? ஏஐ வரைந்து கொடுக்கும், ஆனால் அந்தத் தையலைப் பட்டறையில் யாரும் போடவில்லை. இந்தப் படத்துக்குச் சரியான விடை, "சார், இதை மறுபடி எடுக்கணும்." ரெண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் வித்தியாசம் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் ஒரு இருபத்திரண்டு வயசுக்காரர், வேலை தேவைப்படுகிறவர், "இது முடியாது" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசிச்சுப் பாருங்க. அதனால் கேள்வித்தாளிலேயே "சரிசெய்ய முடியாத படமும் இருக்கலாம்" என்று தமிழில் ஒரு வரி எழுதிவிடச் சொன்னேன். அது விடையைச் சொல்லிக் கொடுப்பது ஆகாது. எந்தப் படம், ஏன் என்று அவர்கள்தானே சொல்லணும். டெஸ்டுக்கு எந்த சாஃப்ட்வேர் என்றும் கட்டாயம் வைக்க வேண்டாம், கிம்பிலும் இந்த வேலை நடக்கும். அரை நாள் எடுத்துக்கொண்டால் அந்த அரை நாளுக்குக் காசு கொடுத்துடுங்க.

வேறு துறையில் இருக்கிறவர்கள் இதே டெஸ்ட் வைக்க நினைத்தால் ரெண்டாவது படத்துக்கு வேலூர்க் கோட்டைக்கே போகலாம். காலையில் காற்று எழும்பும் முன் போங்க. அகழித் தண்ணீர் அசையாமல் இருக்கும்போது கோட்டைச் சுவரையும் தண்ணீரில் அதன் பிம்பத்தையும் சேர்த்து எடுங்க, வேண்டுமென்றே போனைக் கொஞ்சம் சாய்த்து. சுவர் மேல் ஏதாவது ஒரு முனை, தண்ணீரில் அதே முனை. அந்த ரெண்டு புள்ளியையும் சேர்க்கும் கோடு நிஜத்தில் செங்குத்து, சுவர் எப்படிச் சாய்ந்திருந்தாலும். படத்திலேயே தூக்குக்குண்டு தொங்குகிறது. வருகிறவர்களில் யார் அதைத் தானாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்க. யாராவது கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்க.